118-ல் ஒன்று: உங்களுக்கான தனிமத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"பிடித்த தனிமம் எது?" என்று கேட்டால் தங்கம், ஆக்சிஜன், யுரேனியம் என்று மூன்று பதில்கள் சட்டென்று வரும். முதலாவது விலைக்காக, இரண்டாவது மூச்சுக்காக, மூன்றாவது அணுகுண்டுக்காக. மூன்றுமே அட்டவணையைப் பார்ப்பதற்கு முன்பே வாயில் தயாராக இருந்த பதில்கள். ஒரு தனிமத்தோடு கொஞ்ச நாள் பழகி, அதன் கனத்தையும் குணத்தையும் கையால் உணர்ந்து "இதுதான்" என்று சொல்வது வேறு விஷயம். அப்படிச் சொல்வதற்கான வழிமுறைதான் இது. இலங்கையில் படித்தவர்கள் தனிமம் என்று வருமிடமெல்லாம் மூலகம் என்று வாசித்துக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று வாரம் ஆகும். 0.1 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, தையல் நூல், வாயகன்ற பிளாஸ்டிக் டப்பா, விரல் நுனி அளவுக்கு ஒரு நியோடிமியம் காந்தம், பழைய சிடி ஒன்று, ஒரு நோட்டு. இவை போதும். தனிம வரிசை அட்டவணையை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக அடித்துக்கொண்டே வாருங்கள். பேனா வேண்டாம், அடித்த ஒன்றிரண்டை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டி வரும்.

அடிக்க வேண்டியவை

93 முதல் 118 வரையிலான 26 கட்டங்களை முதலில் அடித்துவிடலாம். கடைசிக் கட்டமான ஆகனெசானின் அணுக்கள் இதுவரை விரல்விட்டு எண்ணும் அளவுக்கே உருவாக்கப்பட்டிருக்கின்றன. அதன் அரை ஆயுள், அதாவது இருக்கும் அணுக்களில் பாதி சிதைந்துபோக ஆகும் நேரம், ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. அபூர்வம் என்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுக்க ஆசை வரும். ஆனால் மறுநாள் அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. ஆசை அங்கேயே வற்றிவிடும்.

அடுத்து 43-ஆம் எண் டெக்னீசியம், 61-ஆம் எண் புரோமீத்தியம், 84 முதல் 89 வரை ஆறு, 91-ஆம் எண் புரோட்டாக்டினியம். இவை ஒன்பதும் கதிரியக்கத்தால் கரைந்துகொண்டே இருப்பவை. தோரியத்தையும் யுரேனியத்தையும் சட்டமே அடித்துவிடுகிறது: இந்திய அணுசக்திச் சட்டப்படி அவற்றைத் தனியார் இஷ்டத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் என்ற தாது இருப்பது தெரிந்த செய்தி. அதற்காக அங்கே போய் மணலை பாட்டிலில் அள்ளி வரக் கூடாது. இப்போது கையில் 81 இருக்கும். 83-ஆம் எண் பிஸ்மத்தும் கதிரியக்கம் உடையதுதான் என்று 2003-இல் கண்டறிந்தார்கள். ஆனால் அதன் அரை ஆயுள் பிரபஞ்சத்தின் வயதைப் போல நூறு கோடி மடங்குக்கும் மேல். அதை அடிக்க வேண்டாம்.

பிறகு நஞ்சும் நெருப்பும். ஆர்செனிக், தாலியம், காட்மியம், பெரிலியம், வெள்ளைப் பாஸ்பரஸ், புளூரின், குளோரின், காற்றுப்பட்டதும் வினைபுரியும் சோடியம், பொட்டாசியம் வகையறா. லித்தியம் வேண்டும் என்று பேட்டரியைப் பிளப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே மின்முனைகள் ஒன்றையொன்று தொட்ட நொடியில் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் அடங்காது. பாதரசத்தின் மீது பலருக்கும் மயக்கம் உண்டு. திரவமாக உருளும் வெள்ளி யாரைத்தான் இழுக்காது? அதன் ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பதுதான் ஆபத்து. உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து சிந்தினால் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது: துளிகள் இன்னும் சிறிதாகி, மொத்தப் பரப்பு கூடி, ஆவியும் கூடும். ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் தண்ணீருக்கு அடியில் வைக்க வேண்டும். பாதரசத்தைப் படித்து ரசிக்கலாம், வைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைவீதியில் கிடைப்பவை

மீதியில் பாதிக்கு மேல் ஆய்வக விற்பனையாளர்களிடம் மட்டுமே கிடைக்கும். அவற்றைத் தேடி அலைவதற்கு முன் வீட்டையும் தெருவையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

செம்பு எலக்ட்ரிகல் கடையில் இருக்கிறது. நல்ல வயரிங் கம்பியின் உள்ளே இருப்பது 99.9 சதவீதச் செம்பு. கார்பனுக்குச் சாதாரண டார்ச் செல்லின் நடுவில் நிற்கும் கரிக்குச்சி. பென்சில் முனையில் களிமண் கலந்திருப்பதால் அது இரண்டாம் பட்சம். டங்ஸ்டனுக்குப் பழைய பாணிக் குண்டு பல்பின் இழை: 3,400 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் உருகும். பல்பைத் துணியில் சுற்றி உடைத்து, இழையை இடுக்கியால் எடுக்க வேண்டும். பயன்படுத்திய இழை உப்பு பிஸ்கட்டைப் போல நொறுங்கும்; புதிய பல்பின் இழைதான் தாங்கும். சீரியம் வேண்டுமென்றால் சக்கரம் சுற்றிப் பற்றவைக்கும் சிகரெட் லைட்டரின் கல்லைப் பாருங்கள். அது கல்லே அல்ல. சீரியமும் லாந்தனமும் இரும்போடு கலந்த உலோகக் குச்சி. அரத்தில் உரசினால் தெறிக்கும் துகள்கள் காற்றிலேயே பற்றிக்கொள்வதுதான் அந்தப் பொறி. கந்தகம் நாட்டு மருந்துக் கடையில் மஞ்சள் கட்டியாகக் கிடைக்கும். பாட்டி வீட்டு டப்பாவில் கிடக்கும் அறுகோண மூன்று பைசா, சதுர ஐந்து பைசா நாணயங்கள் பெரும்பங்கு அலுமினியம். 1950-களின் ஒரு ரூபாய் நாணயம் கிடைத்தால் விடாதீர்கள்: அது நிக்கல், காந்தத்தில் பாய்ந்து ஒட்டும். இப்போதைய ஒரு ரூபாயும் ஒட்டும், ஆனால் அது குரோமியம் கலந்த இரும்பு. ஒட்டுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிட முடியாது. எடையையும் பார்க்க வேண்டும்.

நூலில் தொங்கவிட்டு எடை பார்ப்பது

ஒரு தனிமத்தை அடையாளம் காண வீட்டில் செய்யக்கூடியவற்றில் இதைவிட நம்பகமான சோதனை இல்லை. பொருளை முதலில் உலர்ந்த நிலையில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டப்பாவில் முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். பொருளை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது. நூலைக் கையில் பிடித்தால் நடுங்கும். தராசின் இருபுறமும் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே ஒரு ஸ்கேலை வைத்து, அதில் நூலைக் கட்டிவிடுங்கள். இப்போது தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, அத்தனை கன சென்டிமீட்டர் அந்தப் பொருளின் கனஅளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி.

விடையை இவற்றோடு ஒப்பிடலாம்: அலுமினியம் 2.70, டைட்டானியம் 4.51, துத்தநாகம் 7.14, வெள்ளீயம் 7.29, இரும்பு 7.87, நிக்கல் 8.91, செம்பு 8.96, பிஸ்மத் 9.78, வெள்ளி 10.49, காரீயம் 11.34, டங்ஸ்டன் 19.25, தங்கம் 19.3.

கடைசி இரண்டையும் கவனியுங்கள். தங்கக் கட்டிக்குள் டங்ஸ்டனை ஒளித்து ஏமாற்றுவதும், அந்த ஏமாற்று எடைச் சோதனைக்குப் பிடிபடாமல் போவதும் இதனால்தான்.

தவறு நேரும் இடங்கள் மூன்று. பொருளில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழி கனஅளவைக் கூட்டிக் காட்டி அடர்த்தியைக் குறைக்கும். பாத்திரம் துலக்கும் சோப்பில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து, பொருளை உள்ளே ஒருமுறை சுழற்றினால் குமிழி விடும். பொருள் அடியைத் தொட்டால் அதன் எடையே தராசில் ஏறிவிடும், விடை அபத்தமாக வரும். மூன்றாவது, பொருள் மிகச் சிறிதாக இருப்பது. ஐந்து கிராம் நாணயத்தின் கனஅளவு ஒரு கன சென்டிமீட்டருக்கும் குறைவு. தராசின் 0.1 கிராம் பிழையே அங்கே பெரும் பிழை. ஒரே மாதிரி நாணயம் பத்தைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டால் சரியாகும். நம் ஊர் 30 டிகிரித் தண்ணீரால் வரும் பிழை அரை சதவீதத்துக்கும் குறைவு, அதை விட்டுவிடலாம்.

செம்பைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உதவும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஒரு மீட்டரை வெட்டி, பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் உரித்துவிட்டுக் கம்பியை மட்டும் எடை போடுங்கள். 22 கிராமுக்குப் பக்கத்தில் வர வேண்டும். பாதிகூட வரவில்லை என்றால் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். உறையை நெருப்பில் எரித்து உரிக்க வேண்டாம், வருகிற புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும்.

காந்தம், குளிர், ஒளி

அறைவெப்பத்தில் காந்தத்தில் பலமாக ஒட்டும் தனிமங்கள் இரும்பு, கோபால்ட், நிக்கல். நான்காவதாக காடோலினியத்தைச் சேர்க்கலாமா என்பது ஊரைப் பொறுத்தது! அதன் காந்தத் தன்மை சுமார் 20 டிகிரிக்கு மேல் மறைந்துவிடும். குளிர்நாட்டு ஆய்வகத்தில் சாதாரணமாக ஒட்டும் துண்டு, சென்னையிலும் மதுரையிலும் ஒட்டாமல் கிடக்கும். அதைக் காந்தத்தோடு சேர்த்து ஃபிரிட்ஜில் அரைமணி வைத்து எடுங்கள்: ஒட்டியிருக்கும். மேசையில் வைத்துக் காத்திருந்தால் சூடேறி, தானாகவே நழுவி விழும். அட்டவணையின் அடியில் தனியாகத் தொங்கும் இரண்டு வரிசைகளில் ஒரு தனிமத்தை விரும்ப வேண்டுமென்றால் இதுதான் சரியான நுழைவாயில்.

செம்பு காந்தத்தில் ஒட்டாது, ஆனால் காந்தத்தை மதிக்கும். ஏசி மெக்கானிக்கிடம் அரை அங்குலச் செம்புக் குழாயில் ஒரு முழ நீளத் துண்டு கேட்டு வாங்கி, 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள நியோடிமியம் காந்தத்தை மேலிருந்து விடுங்கள். அதே நீளப் பிளாஸ்டிக் குழாயில் கண்ணிமைக்கும் நேரத்தில் விழும் காந்தம், செம்புக்குள் தேனில் இறங்குவதைப் போல மெதுவாக இறங்கும். விழும் காந்தம் குழாயில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் காந்தத்தைத் தடுத்து நிறுத்தப் பார்க்கிறது. குழாய் நசுங்கியிருந்தால் காந்தம் சிக்கிக்கொள்ளும், வெட்டும்போதே பார்த்து வெட்டச் சொல்லுங்கள்.

வாயுக்களைக் கையில் பிடிக்க முடியாது. அவற்றை ஒளியால்தான் அறிய வேண்டும். செருப்புப் பெட்டி ஒன்றின் குறுகிய பக்கத்தில் ஓட்டை போட்டு, இரண்டு பிளேடுகளை முடியளவு இடைவெளி விட்டுச் செங்குத்தாக ஒட்டுங்கள். எதிர்முனையில் சிடியை, பளபளப்பான பக்கம் பிளேடுகளைப் பார்த்திருக்க, அடித்தட்டிலிருந்து சுமார் 60 டிகிரி சாய்வில் நிறுத்துங்கள். சிடிக்கு நேர் மேலே மூடியில் ஒரு பார்வைத் துளை. மற்ற இடுக்கு எல்லாவற்றையும் கறுப்பு டேப்பால் அடைத்துவிடுங்கள். ஒளி கசிந்தால் கோடுகள் மங்கிவிடும். இதன் வழியாகப் பழைய டியூப் லைட்டையோ சிஎஃப்எல் விளக்கையோ பார்த்தால் வானவில் முழுதாகத் தெரியாது, துண்டு துண்டாகக் கோடுகள் தெரியும். 436 நானோமீட்டர் அலைநீளத்தில் உள்ள நீலக்கோடு பாதரசம். 611-க்கு அருகில் உள்ள சிவப்பு யூரோப்பியம். பலரும் பெயரைக்கூடக் கேட்டிராத ஒரு தனிமம் வீட்டுக் கூரையில் பல வருஷமாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது. சூரியனை மட்டும் இந்தப் பெட்டி வழியே நேராகப் பார்க்கக் கூடாது.

அடுப்புத் தீயில் உப்புத் தண்ணீரைத் தெளித்தால் 589 நானோமீட்டரில் சோடியத்தின் மஞ்சள் பளிச்சிடும். இந்த மஞ்சளுக்கு மிக அருகில், 587.6-இல், இன்னொரு மஞ்சள் கோடு உண்டு. அது முதலில் தெரியவந்தது நம் பக்கத்தில்தான். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணத்தின்போது பிரெஞ்சு வானியலாளர் பியர் ஜான்சென் குண்டூரிலிருந்தும், மெட்ராஸ் வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்தும் சூரிய விளிம்பின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த மஞ்சள் கோடு சோடியத்தினுடையது அல்ல என்பதும், பூமியில் அறியப்படாத தனிமத்தினுடையது என்பதும் பின்னர் லண்டனில் நார்மன் லாக்யரின் ஆய்வால் துலங்கியது. ஹீலியம் என்ற பெயர் சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பூமியில் அது 1895-இல்தான் வில்லியம் ராம்சேயின் கையில் சிக்கியது. உங்கள் சிடி பெட்டி இந்த இரண்டு மஞ்சளையும் பிரித்துக் காட்டாது. அவ்வளவு நெருக்கமான கோடுகளைப் பிரித்தறிந்தவர்களின் கண்ணையும் பொறுமையையும் நினைத்துப் பார்த்தால் ஹீலியத்தின் மீது மரியாதை வந்துவிடும்.

ஹீலியத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. திருவிழாவிலும் கடற்கரையிலும் விற்கும் வாயு பலூனில் இருப்பது ஹீலியம் என்று நம்பிவிட வேண்டாம். அலுமினியத் துண்டுகளையும் காஸ்டிக் சோடாவையும் சிலிண்டருக்குள் வினைபுரிய வைத்து ஹைட்ரஜன் அடைப்பதும் உண்டு. ஊதுவத்தி நெருப்பு பட்டாலும் வெடிக்கும். நிஜ ஹீலியமாகவே இருந்தாலும், குரல் மாறும் வேடிக்கைக்காக மூச்சில் இழுக்கக் கூடாது. நுரையீரலில் ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் போய், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் மயக்கம் வரும்.

வெள்ளீயம்: ஒரு தனிமத்தோடு பழகுவது எப்படி

எதில் தொடங்குவது என்று தெரியாதவர்கள் வெள்ளீயத்தில் தொடங்குங்கள். 50-ஆம் கட்டம். தமிழ்ச் சமையலறைக்கு இவ்வளவு நெருக்கமான, இவ்வளவு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட தனிமம் வேறில்லை.

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. பேச்சில் இரண்டையும் ஈயம் என்கிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம்; செய்தித்தாள் "ஈய நஞ்சு" என்று எழுதுவது காரீயம், 82-ஆம் கட்டம். முன்னதில் ரசம் வைக்கலாம். பின்னது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், பாதுகாப்பான அளவு என்று ஒன்றே அதற்கு இல்லை. வெறுமனே "ஈயம் கொடுங்க" என்று கடையில் கேட்பது போதாது.

மாதிரிக்குச் சொம்பு வாங்க வேண்டியதில்லை. பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் வைத்திருக்கும் குச்சியில் நூறு கிராம் போதும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில், சென்னையென்றால் ரிச்சி தெருவில், காரீயம் கலக்காத சால்டரிங் கம்பி கிடைக்கும், 99.3 சதவீதம் வெள்ளீயம், மீதி செம்பு. சுருளில் 60/40 என்று போட்டிருந்தால் 40 சதவீதம் காரீயம், அது வேண்டாம்.

முதல் சோதனை காதுக்கு. ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சியைக் காதருகே வைத்து மெதுவாக வளையுங்கள். காய்ந்த சுள்ளி முறிவதைப் போல 'கிறீச் கிறீச்' என்று ஒரு சத்தம் வரும், ஆனால் குச்சி முறியாது. உள்ளே இருக்கும் படிகங்கள் ஒரு நொடியில் ஒன்றுக்கொன்று எதிரடுக்காகத் திரும்பிக்கொள்ளும் ஓசை அது. காரீயம் நிறையக் கலந்தால் இந்தச் சத்தம் அமுங்கிவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தாலும் நின்றுவிடும். அடுத்த முறை வேறு இடத்தில் வளையுங்கள்.

இரண்டாவது சோதனை அடர்த்தி. நூறு கிராம் தூய வெள்ளீயம் 13.7 கன சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி காரீயம் கலந்திருந்தால் 11.3 மட்டுமே வரும், உடனே பிடிபடும். ஐந்து சதவீதக் கலப்புக்கு 13.5 என்று காட்டும். தராசின் பிழைக்குள்ளேயே அது ஒளிந்துகொள்ளலாம். ஆகவே இந்தச் சோதனையில் தேறியது என்பதற்காக ஒரு சொம்பைச் சமையலுக்கு உகந்தது என்று முடிவு கட்டக் கூடாது. பெருங்கலப்பைக் கண்டுபிடிக்கத்தான் இது. சிறு கலப்பை உலோகப் பரிசோதனைக் கூடத்தில் எக்ஸ்ரே கருவியில் காட்டித்தான் அறிய முடியும்.

மூன்றாவது, உருகுதல். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். வெறும் சொம்பைக் கேஸ் அடுப்பில் வைத்தால் சில நிமிஷத்தில் அடி ஓட்டையாகி, பர்னரில் வெள்ளியாக வழியும். புளித்தண்ணீர் உள்ளே இருந்தால் கொதிநிலையான 100 டிகிரிக்கு மேல் உலோகம் ஏறாது. அதனால்தான் முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு என்ற வழக்கம். தீயும் சொம்பின் அடிக்குள் அடங்க வேண்டும். பக்கவாட்டில் நீர்மட்டத்துக்கு மேலே நக்கினால் அந்த இடம் தொய்ந்துவிடும்.

நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால், ஈயம் பூசும் இடத்தில் பத்து நிமிஷம் நில்லுங்கள். பித்தளைப் பாத்திரத்தைத் துருத்தி நெருப்பில் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவித் துணியால் தேய்ப்பார்கள். வெண்புகை எழும். நவச்சாரம் உலோகத்தின் மேலிருக்கும் ஆக்சைடை அகற்றிச் சுத்தமான பரப்பைத் திறந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் ஈயக்குச்சியைத் தொட்டு, துணியால் ஒரு சுழற்று. மஞ்சள் பாத்திரத்தின் உள்பக்கம் கண் முன்னே வெள்ளையாகிவிடும். சூடு குறைந்தால் ஈயம் திட்டுத் திட்டாக நிற்கும். கூடினால் கருகி மஞ்சளிக்கும். "ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை" என்கிறது பழமொழி. ஆனால் ஈயப் பூச்சு இல்லாத பித்தளையில் புளிக்குழம்பை வைத்தால் செம்பு கரைந்து களிம்பேறிவிடும். இளித்த பித்தளையைச் சமையலறைக்குள் சேர்த்ததே ஈயம்தான்.

இதற்கு மேலும் போகலாம். வேறெந்தத் தனிமத்துக்கும் இல்லாத அளவுக்குப் பத்து நிலையான ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை மட்டும் வேறுபடும் அணு வகைகள்) இதற்கு உண்டு. 13 டிகிரிக்குக் கீழே நீண்ட காலம் கிடந்தால் சாம்பல்நிறப் பொடியாக உதிரும் இன்னொரு வடிவமும் உண்டு; நம் சமவெளியில் அந்தக் கவலை இல்லை. செம்போடு சேர்ந்தால் வெண்கலம். ஆதிச்சநல்லூரில் கிடைத்த கிண்ணங்கள் இந்த ஈயம் மிகுந்த வெண்கலம். கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடியில் வெள்ளீயத்தின் பங்கு மூன்றில் ஒன்றுக்கு அருகில். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் இவ்வளவு வருகிறதே, இதுதான் தேர்வுக்கான உரைகல்.

காலியம், பிஸ்மத்: ஆசை காட்டுபவை

காணொளி பார்த்து மயங்கி வாங்கப்படுபவை இந்த இரண்டும். வாங்கலாம், தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

காலியம் 29.8 டிகிரியில் உருகும். கையில் வைத்து உருக்குவதுதான் அதன் வேடிக்கை, ஆனால் நம் ஊரில் கூரியர் பெட்டியைத் திறக்கும்போதே அது திரவமாகத்தான் இருக்கும். உறையவைக்க ஃபிரிட்ஜ் வேண்டும். உறைநிலைக்குக் கீழே போயும் திரவமாகவே அடம்பிடித்தால், திடக் காலியத் துணுக்கு ஒன்றைப் போட்டால் உறையத் தொடங்கும். உறையும்போது மூன்று சதவீதம் விரியும். கண்ணாடிக் குப்பியில் நிரப்பி வைத்தால் குப்பி உடையும், பிளாஸ்டிக் பாட்டிலே சரி. அலுமினியத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்தால் அதன் படிகங்களுக்கு இடையே ஊடுருவிச் சென்று, சில மணிநேரத்தில் பிஸ்கட்டாக நொறுக்கிவிடும். இட்லித் தட்டு, மடிக்கணினி, ஏணி எதன் பக்கத்திலும் கொண்டுபோகக் கூடாது. விமானத்திலும் எடுத்துப்போகக் கூடாது.

அதன் கதை அழகானது. 1869-இல் அட்டவணை போட்ட மெண்டலீவ், அலுமினியத்துக்குக் கீழே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, சமஸ்கிருதத்தின் 'ஏக' என்ற எண்ணைச் சேர்த்து ஏக-அலுமினியம் என்று பெயரிட்டார், அடர்த்தி 5.9 இருக்கும் என்றும் சொன்னார். 1875-இல் அதைக் கண்டுபிடித்த பிரெஞ்சு வேதியியலாளர் புவாபோத்ரானுக்கு 4.7 வந்தது. மாதிரி தூய்மையாக இல்லை, மறுபடி அளந்து பாருங்கள் என்றார் மெண்டலீவ். தூய்மைப்படுத்தி அளந்தபோது 5.9 வந்தது.

பிஸ்மத்தின் வானவில் படிக்கட்டுப் படிகம் செய்ய அரை கிலோவாவது வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் 271 டிகிரியைத் தாண்டி உருக்கி, மேலே படியும் ஆடையைக் கரண்டியால் ஒதுக்கி, அடுப்பை அணைத்துவிட்டு மெதுவாக ஆறவிட வேண்டும். மேற்பரப்பு உறையத் தொடங்கியதும் மிச்சத் திரவத்தை உலர்ந்த இன்னொரு பாத்திரத்தில் சாய்த்துவிட்டால், அடியில் படிகங்கள் நிற்கும். நிறம் அவற்றின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடின் தடிமனால் வருவது. அவசரப்பட்டு ஆறவைத்தால் படிகம் அரிசி அளவுக்கே வளரும். பிஸ்மத்தில் காரீயமோ வெள்ளீயமோ கலந்திருந்தால் வளரவே வளராது. ஈரம் பட்ட பாத்திரத்தில் ஊற்றினால் நீர் ஆவியாகி உலோகம் முகத்தில் தெறிக்கும். பாத்திரத்தை ஹேர்டிரையரால் உலர்த்தி, கண்ணாடி அணிந்து, வெளியிடத்தில் செய்யுங்கள். அந்தப் பாத்திரத்தில் பிறகு சமைக்க வேண்டாம்.

முடிவெடுத்தல்

இப்போது நோட்டில் நாலைந்து பெயர்கள் மிஞ்சியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, புத்தகத்தைப் பார்க்காமல் எழுதுங்கள்: எந்தத் தாதுவிலிருந்து வருகிறது, எப்படிப் பிரிக்கிறார்கள், என் வீட்டில் எங்கே இருக்கிறது, எப்போது கெட்டுப்போகிறது, அதை வெட்டியெடுப்பதால் யாருக்கு என்ன நேர்கிறது. கடைசிக் கேள்வியைத் தவிர்க்க வேண்டாம். டங்ஸ்டனைத் தேர்ந்தெடுத்தால் மதுரை மேலூர்ப் பக்கம் நாயக்கர்பட்டிச் சுரங்க ஏலமும், 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும், மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் தானாக நிரம்பி அடுத்த தாளுக்குப் போகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிரம்பினால் கையில் கிடைக்கக்கூடியதை.

வகுப்பறையில் செய்யும் ஆசிரியர்கள் ஒரு விதி போட்டால் போதும்: ஒரே தனிமத்தை இருவருக்கு மேல் எடுக்கக் கூடாது. தங்கத்துக்கு இடம் கிடைக்காத மாணவர் துத்தநாகத்தைப் புரட்டத் தொடங்குவார்.

தேர்ந்தெடுத்த மாதிரியை மூடியுள்ள சிறு பாட்டிலில் வையுங்கள். கந்தகத்தை வெள்ளிக்கும் செம்புக்கும் பக்கத்தில் வைத்தால் அவை கறுத்துவிடும். காலியம் தனி அலமாரியில் இருக்கட்டும். இரும்போடு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். சீட்டில் பெயர், எங்கே வாங்கியது, எடை, கனஅளவு, தேதி எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எடை போட்டு, அதே சீட்டில் அடுத்த வரியில் எழுதுங்கள். கடலோர வீட்டில் பொட்டலமில்லாமல் வைத்த இரும்பாணி அதற்குள் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு எடை ஏறியிருக்கும். வெள்ளீயக் குச்சியில் அப்படியே பழைய எண் வரும்.